பன்னிரண்டாவது டியூப்

செப்டம்பர் 2, திங்கள்

கிராமத்தில் இருந்தால் செலவே இருக்காது என்று சொல்பவர்களை ஊசிமேட்டுக்குக் கூட்டிவந்து ஒரே ஒரு மாதம் குடித்தனம் வைக்க வேண்டும். போர் தண்ணீர் உப்பு. குடிக்கக் கேன் நாற்பது ரூபாய். தக்காளி டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறது, அதன் டிக்கெட்டும் நம் தலையில்தான். பெட்ரோல் பங்க் பதினாலு கிலோமீட்டர் தள்ளி. பெட்டிக்கடையில் பாட்டிலில் வாங்கினால் லிட்டருக்கு இருபது ரூபாய் கூட. ஸ்கூட்டியில் தினம் நாலு ஊர் சுற்றுகிறவள் வேறு எங்கே போவாள்?

இது போதாதென்று, வீட்டுக்காரர் ராமையா காலையிலேயே வந்து நின்றார். அடுத்த மாதத்திலிருந்து வாடகை மூவாயிரமாம்.

"வீடு ஒழுகுது, மொதல்ல அதப் பாருங்கண்ணாச்சி" என்றேன்.

"மழ பேஞ்சா ஒழுகத்தான் செய்யும் தாயி. கெவருமெண்டு சம்பளம் வாங்குதவுக, ஐநூறு ரூவாயில என்ன கொறஞ்சிரப் போறீக?"

இதுதான் என் தலைவலி. இந்த ஊருக்கு நான் கெவருமெண்டு நர்ஸம்மா. மாதம் அறுபதாயிரம் வாங்குகிறேன் என்று பேச்சு. நான் ஒப்பந்த நர்ஸ், சம்பளம் பதினாலாயிரம், அதுவும் ஒரு மாதம் விட்டு வரும் என்று மூன்று வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் எந்தப் பெண் என் அதட்டலுக்குப் பயப்படுவாள்?

செப்டம்பர் 3, செவ்வாய்

கர்ப்பிணிகள் கிளினிக். முப்பத்தோரு பேர். "முருங்கைக்கீரை தின்னு, முட்டை தின்னு, பேரீச்சம்பழம் தின்னு" என்று தொண்டை வற்றக் கத்தினேன். மதியம் நான் தின்றது டீயும் பன்னும்.

செப்டம்பர் 5, வியாழன்

எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுதிவிடுகிறேன். நான் முழுகாமல் இருக்கிறேன். மூன்று மாதம்.

இன்று மாவட்ட ஆபீஸ் கிளார்க்குக்குப் போன் போட்டு, பக்கத்து ஊர் சிஸ்டர் ஒருத்திக்காகக் கேட்பதுபோல் கேட்டேன். அவர் சிரித்தார்.

"நவம்பர் நாலாம் தேதி ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சு லிஸ்ட் ஒட்டுவாங்க. அதுவரைக்கும் அந்த சிஸ்டரை வாயத் திறக்க வேண்டாம்னு சொல்லுங்க. ரூல்னு எதுவும் இல்லம்மா. ஆனா மாசமா இருக்கவங்கன்னு தெரிஞ்சா பேரு வராது. ஆறு மாசம் ஆள் இல்லாம யாரு ஓட்டுறது?"

லிஸ்டில் பேர் வந்தபின் சொன்னால் சம்பளமில்லாத விடுப்பாவது கிடைக்கும், வேலை நிற்கும். அப்படியானால் இன்னும் எட்டு வாரமும் நாலு நாளும். யூனிஃபார்ம் கோட்டைத் தளர்வாகப் போட்டுக்கொண்டால் தெரியாது. நான் ஒல்லி.

ஊரில் எவள் நாள் தள்ளிப்போனதை மறைக்கிறாள் என்று மோப்பம் பிடித்து, பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு எண் போடுவதுதான் என் வேலை. இந்த வருடம் மூன்று பேரைக் கண்டுபிடித்து மேலதிகாரி ரெஜினா மேடத்திடம் நல்ல பேர் வாங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

என் கணவர் கோயம்புத்தூரிலிருந்து பேசினார். ஃபவுண்டரியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலையாம்.

"விட்டுட்டு வந்துரு புள்ள. கஞ்சியோ கூழோ குடிச்சுக்கிடலாம்."

"கூழுக்கு வாடகை யாரு கட்டுவா?" என்று வெடுக்கென்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன். அரை மணி நேரம் மனசு கேட்கவில்லை. திரும்ப நானே கூப்பிட்டேன். அவர் அழுதிருக்கிறார், சளி என்றார்.

செப்டம்பர் 12, வியாழன்

என் அலமாரியில் மூவாயிரம் இரும்புச் சத்து மாத்திரை இருக்கிறது. ஆனால் எடுத்துக் கொடுப்பதற்குப் பதிவு எண் வேண்டும், ஒவ்வொரு அட்டையும் எண்ணுக்கு நேரே எழுதப்பட வேண்டும். எனக்கு ஏது எண்? டவுன் மருந்துக் கடையில் வாங்கினேன். அட்டை எண்பத்தைந்து ரூபாய். இரண்டு மாத்திரை போட்டேன், இரண்டும் வாந்தியில் போயிற்று. ரூபாயாகவே வாந்தி எடுத்ததுபோல் வயிற்றெரிச்சல்.

செப்டம்பர் 19, வியாழன்

கோயில் கொடைக்கு வரி. தலைக்கட்டுக்கு ஐநூறு. எனக்கு மட்டும் ஆயிரம். கொடுத்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

கிளினிக்கில் ஒரு பெண்ணுக்கு பி.பி. பார்க்கும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். ரெஜினா மேடம் பார்த்துவிட்டார். அவர்தான் எனக்கு மேலே உள்ள நர்ஸ், இருபத்தெட்டு வருட சர்வீஸ், வாய் திறந்தால் ஆஸ்பத்திரியே நடுங்கும்.

"ஏ கனி, ஒழுங்கா தின்னியா?"

"விரதம் மேடம்" என்றேன்.

முன்பு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு ஐந்தாம் மாதத்தில் ஒன்று போயிற்று. சொன்னால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று அங்கேயும் சொல்லாமல்தான் நின்றுகொண்டே டூட்டி பார்த்தேன். "அங்கேயும்" என்று என் கை எழுதியிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். பேனாவை மூடுகிறேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

சம்பளம் வரவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

காலை பத்து மணிக்குள் பன்னிரண்டு பேரின் ரத்தம் ஆரம்ப சுகாதார நிலையத்து லேபுக்குப் போயாக வேண்டும். ஒரு பெயர்கூட விடக்கூடாது என்று மேடம் நேற்றே போனில் கண்டிப்பு. பதினோரு பேர் வந்துவிட்டார்கள். முனீஸ்வரி வரவில்லை.

முனீஸ்வரிக்கு இது மூன்றாவது பிள்ளை, ஆறு மாதம். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறாள். தீபாவளி நெருக்கத்தில் ஒட்டினால்தான் கையில் நாலு காசு, அதனால் விடியுமுன்பே ஆபீஸ் வண்டியில் ஏறிவிட்டாள். ஊசி என்றால் ஓடுகிறவள் வேறு. இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து மாதம் வரை ஒளித்தவள், நான்தான் வைக்கோல் படப்புக்குப் பின்னாலிருந்து பிடித்தேன்.

பன்னிரண்டாவது டியூப் காலியாக இருந்தது. ஸ்டிக்கரில் அவள் பெயரும் எண்ணும் ஏற்கெனவே எழுதி ஒட்டியிருந்தேன். எனக்கோ நாலு நாளாகப் படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. என் ரத்த அளவு எவ்வளவு என்று தெரிய வேண்டும், தனியார் லேபுக்குக் காசில்லை, பெயர் இல்லாமல் நம் லேபில் பார்க்க மாட்டார்கள்.

கதவைச் சாத்தினேன். ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, இடது கையில் நானே குத்தி எடுத்தேன். ரிசல்ட் தெரிந்ததும் புதன்கிழமை முனீஸ்வரியைப் பிடித்து உண்மையான ரத்தம் எடுத்து, லேப் நோட்டில் திருத்தச் சொல்லிவிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

அக்டோபர் 9, புதன்

முனீஸ்வரி வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். ஆபீசில் இருக்கிறாள்.

அக்டோபர் 10, வியாழன்

6.8.

நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இந்த அளவோடு ஒரு பெண் என் முன்னால் வந்திருந்தால் அவள் புருஷனை, மாமியாரை, நாத்தனாரை எல்லாம் நிற்கவைத்துத் திட்டியிருப்பேன்.

என் புத்தி எங்கே போயிருந்தது? லேபில் இப்போது நோட்டு கிடையாது. மூன்று மாதமாகக் கம்ப்யூட்டர். போட்டவுடன் ஏழுக்குக் கீழே இருந்தால் சிவப்பு விழுந்து, வட்டார ஆபீஸ், மாவட்ட ஆபீஸ் என்று எல்லார் போனுக்கும் போய்விடும். போய்விட்டது. "முனீஸ்வரி, ஊசிமேடு, கடும் ரத்தசோகை, உடனே அட்மிஷன்." போதாததற்கு ரத்த வகையையும் பார்த்து ஏற்றிவிட்டார்கள். அவள் ஓ பாசிட்டிவ். இப்போது கம்ப்யூட்டரில் ஏ பாசிட்டிவ், அதாவது நான். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுவதற்கு முன் மறுபடி பார்ப்பார்கள்தான். ஒருவேளை பார்க்காமல் விட்டால்?

மேடத்துக்குப் போன் செய்தேன். "மேடம், இது சந்தேகமா இருக்கு. மறுபடி ஒரு தடவ எடுத்துப் பாக்கவா?"

"ஆறு எட்டுல என்னட்டி சந்தேகம்? அவளப் பிடிச்சு வண்டியில ஏத்து. செத்துகித்து வச்சான்னா நீயும் நானும்தான் பதில் சொல்லணும்."

அக்டோபர் 12, சனி

முனீஸ்வரி ஒளிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும் என்ற சேதி எப்படியோ அவளுக்கு எட்டிவிட்டது. அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அவள் மாமியார் மாடத்தி சொன்னாள். பொய். செருப்பு வாசலில் கிடந்தது.

அக்டோபர் 14, திங்கள்

லிஸ்டுக்கு மூன்று வாரம். வயிற்றுக்குள் லேசாக ஒரு துள்ளல் தெரிந்த மாதிரி இருந்தது.

அக்டோபர் 15, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கையில் டிரிப் ஊசி இருப்பதால் எழுத்து கோணல்.

காலை எட்டரைக்கு கிளினிக்குக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் 108 சத்தம். ராமையா ஓடிவந்தார். "தாயி, முனீஸ்வரி வண்டியில ஏற மாட்டேங்கா. நீங்க வந்து சொன்னாத்தான் சரிப்படும்."

மழை ஈரத்தில் கரிசல் மண் செருப்பில் அப்ப, இழுத்து இழுத்து நடந்து போனேன். தெருவே கூடி நின்றது. முனீஸ்வரி நிலைக்கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நா எப்ப ரத்தம் குடுத்தேன்? அன்னைக்கு நா ஆபீசுல்ல இருந்தேன்! எனக்கே தெரியாம என் ரத்தத்த எடுத்தது ஆரு?"

"ஏ, பொய் பேசாத!" என்று மாடத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊசின்னா இவளுக்கு ஆகாது தம்பி. ரெண்டாவதுக்கும் இப்பிடித்தான் ஒளிஞ்சு கெடந்தா."

"வயித்துப் பிள்ளையவிட ஆபீசுக் கூலி பெருசாப் போச்சு இவளுக்கு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. இன்னொருத்தி காறித் துப்பினாள்.

என்னைப் பார்த்ததும் கூட்டம் விலகியது. "நர்ஸம்மா வந்துட்டாக. இனி ஏறிருவா."

எனக்கு வந்த நினைப்பை மறைக்காமல் எழுதுகிறேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அங்கே போனதும் மறுபடி ரத்தம் பார்ப்பார்கள், இவளுக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள், எங்கேயோ டியூப் மாறிவிட்டது என்று முடித்துக்கொள்வார்கள். என் பேச்சே வராது. மூன்று வாரம். மூன்றே வாரம்.

முனீஸ்வரி என்னையே பார்த்தாள். "அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. அன்னைக்கு நா வந்தனா?"

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் முகம் செத்துப்போயிற்று. கதவை விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டியை நோக்கி நடந்து, முதல் படியில் காலை வைத்தாள். அந்த நேரம்வரை எனக்குச் சம்பளம், லிஸ்ட், வாடகை எல்லாம் கண்முன் நின்றன. அவள் கால் படியில் பட்டதும் ஒன்றையும் காணோம். உண்மையைச் சொன்ன ஒருத்தியைப் பொய்க்காரி என்று ஊரே சொல்கிறது, அது என்னால்.

"அது முனீஸு ரத்தம் இல்ல" என்றேன். "என் ரத்தம்."

ஒருவருக்கும் புரியவில்லை. ராமையாதான் கேட்டார், "என்ன தாயி சொல்லுதீக?"

"நான் முழுகாம இருக்கேன். அஞ்சு மாசம். ஆபீசுக்குத் தெரியக்கூடாதுன்னு இவ பேர்ல என் ரத்தத்த அனுப்பிட்டேன். இவ பொய் சொல்லல. நான்தான் தப்பு."

முனீஸ்வரி படியிலிருந்து இறங்கி வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"என்னைய களவாணி மாதிரி ஆக்கிட்டீகளே அக்கா! நாலு நாளா ஆபீசுக்குப் போவாம குதிருக்குப் பின்னால ஒளிஞ்சு கெடந்தேன். தீபாவளிக் கூலி போச்சு. எம்பிள்ளைக ரெண்டும் 'ஒனக்கு என்னம்மா, செத்துருவியா'ன்னு அழுதுச்சு. நாங்க மறச்சா மட்டும் அந்தப் பேச்சுப் பேசுவீக. நீங்க ஏன் மறச்சீக?"

"தெரிஞ்சா வேலையில வச்சுக்கிட மாட்டாக."

"கெவருமெண்டு வேலையில அப்பிடியா செய்வாக?"

"கெவருமெண்டு வேலை இல்ல முனீஸு. ஒப்பந்தம். மாசம் பதினாலாயிரம்."

"எத்தன?"

"பதினாலாயிரம்."

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஆத்தாடி! தீபாவளி மாசத்துல நானும் எங்க வீட்டுக்காரரும் சேந்தா அதவிடக் கூட வாங்குவமே! இதுக்கா எங்கள இந்த வெரட்டு வெரட்டுனீக?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ராமையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். மூன்று வருடமாக நான் எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. வெட்கத்தில் உடம்பு கூசியது. ஆனால் மூச்சு கொஞ்சம் தாராளமாக வந்தது.

108 டிரைவர் பொறுமையிழந்து, "ஏம்மா, இப்ப பேஷன்ட் யாரு? நான் கேஸ முடிக்கணும்" என்றார்.

"இவுகதான்" என்று முனீஸ்வரி என்னைக் காட்டினாள். "ஏறுங்கக்கா."

"கிளினிக்ல முப்பது பேரு காத்திருப்பாக..."

"வயித்துப் பிள்ளைய வச்சுக்கிட்டு வேல வேலன்னு அலஞ்சா பிள்ள எவளுக்குன்னு கேப்பீகள்ல? இப்ப நா கேக்கேன். ஏறுங்க."

ஏறினேன். துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அவளே ஏறிக்கொண்டாள். தாலுகா ஆஸ்பத்திரி வரும்வரை ஒரு நிமிஷம் விடாமல் என்னைத் திட்டினாள். நடுநடுவே தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினாள்.

அக்டோபர் 16, புதன்

டிரிப்பில் இரும்பு மருந்து ஏறுகிறது. ரத்தமும் ஒரு பை ஏற்றினார்கள். டாக்டரம்மா நஸ்ரின், "நர்ஸா இருந்துக்கிட்டு ஆறு எட்டுல ஸ்கூட்டி ஓட்டினீங்களா? இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா குழந்தையும் இல்ல, நீங்களும் இல்ல" என்றார். ஸ்கேனில் இதயத் துடிப்பு கேட்டது. ஆயிரம் பேருக்கு நான் கேட்டுச் சொன்ன சத்தம்தான். எனக்கு என்னும்போது வாய்விட்டு அழுதுவிட்டேன், பக்கத்துக் கட்டில்காரி பயந்துபோனாள்.

முனீஸ்வரி நேற்று இங்கேயே ஊசிக்குக் கையை நீட்டிவிட்டுத்தான் போனாள். அவளுக்கு 10.2. ஓ பாசிட்டிவ். நர்ஸக்காவைவிடத் தனக்கு ரத்தம் கூட என்பதில் அவளுக்கு ஒரே பெருமை. "ஆனா எங்கோவம் இன்னும் தீரல, சொல்லிட்டேன்" என்று பஸ் ஏறிவிட்டாள். அவர் கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டார். கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்.

அக்டோபர் 19, சனி

ரெஜினா மேடம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பழத்தை வைத்துவிட்டுத் திட்டு. திட்டி முடித்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தெருவுல சொன்னது தெருவோட போட்டும். ஆபீசுல விளக்கம் கேட்டிருக்காங்க. டியூப் மாறிப்போச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. நான் கையெழுத்துப் போடுதேன். உன் பேரு லிஸ்ட்ல வந்துரும்."

எவ்வளவு நல்ல மனசு. இருபத்தெட்டு வருட சர்வீசை எனக்காக ஈடு வைக்கிறார். காகிதத்தை வாங்கி எழுதவும் தொடங்கினேன். பாதியில் கை நின்றது.

"மேடம், மாறிப்போச்சுன்னு எழுதினா, அந்த ஆறு எட்டு மத்த பதினோரு பேர்ல யாரோட ரத்தம்னு தேட மாட்டாங்களா?"

தேடுவார்கள். பதினோரு வீட்டு வாசலிலும் வண்டி நிற்கும். பதினோரு மாமியார்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஒரு முனீஸ்வரிக்கே எனக்குத் தாங்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"பிழைக்கத் தெரியாத கழுத" என்றார். ஆரஞ்சை உரித்து, சுளையைக் கையில் கொடுத்து, நான் தின்று முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 27, ஞாயிறு

ஊசிமேடு. கேன் தண்ணீர் இன்னும் நாற்பது ரூபாய்தான்.

நவம்பர் 4, திங்கள்

லிஸ்ட் ஒட்டினார்கள். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே பார்த்தேன். மாரிக்கனி என்று யாரும் இல்லை. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தால் வலிக்காது என்று யார் சொன்னது? ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன், ஓட்டத் தெம்பில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

கர்ப்பிணிகள் கிளினிக். இந்த முறை வரிசையில் நின்றேன், பதினேழாவது ஆள். எனக்கு முன்னால் முனீஸ்வரி. நான் வந்ததைப் பார்த்துத் தன் இடத்தை எனக்கு விட்டுவிட்டுப் பின்னால் போய்க்கொண்டாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

என் இடத்துக்கு இன்னும் ஆள் போடாததால் ரெஜினா மேடமே போன் ஆப்பில் பதிவு செய்துகொண்டிருந்தார். என் முறை வந்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். எல்லாருக்கும் கேட்பதுபோல வரிசையாகக் கேட்டார். பெயர். வயது. கணவர் பெயர். ஊர். நானும் தெரியாதவரிடம் சொல்வதுபோலச் சொன்னேன்.

"தொழில்?"

இந்தக் கட்டத்தில் மூன்று வருடமாக எல்லாருக்கும் "இல்லத்தரசி" என்று போட்டவள் நான். லேபிள் ஒட்டுகிற முனீஸ்வரிக்கும் அதுதான். பட்டியலில் அதுதான் முதலில் இருக்கும், அமுக்கிவிட்டால் வேலை முடியும். மேடத்தின் விரல் அதன்மேல் நின்றது.

"நர்ஸ்" என்றேன்.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "கனி, சம்பளம் நின்னுபோச்சேம்மா" என்றார் மெதுவாக.

"தொழிலத்தான கேட்டீங்க மேடம். சம்பளத்தையா கேட்டீங்க?"

அவர் விரலை எடுத்து, கீழே தேடி, நர்ஸ் என்று போட்டார்.